கருவியா, குரலா?

வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவு நிலையமாக்கிக் கொண்டோர் இன்று தோட்டத்திலும் பட்டணத்திலும் பலர் உளர். அவர்களுள் யானும் ஒருவன். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா முதலிய இடங்களில் வாழும் முதியோரின் தாலாட்டையும் கும்மியையும் ஒப்பாரியையும் பதிந்து வைப்பது என் ஓய்வுநேரத் தொண்டு. இத்தகையோர் நால்வர் கூடினால் ஒரு வினா எழாமலிராது. கன்வெர்ட்டரை இதனினும் உயர்ந்ததாக மாற்றலாமா என்பதே அது. ஆயிரக்கணக்கான வெள்ளி செலவாகும் காரியத்தைப் பிறர் சொன்னார் என்பதற்காக ஏற்காமலும் தள்ளாமலும், ஆராய்ந்து துணிவதே அறிவுடைமை.

கன்வெர்ட்டர் செய்யும் வேலைதான் யாது? மைக்கிலிருந்து வரும் மின்னலையை எண்களாக்குவதும், கேட்கும்போது அவ்வெண்களை மீண்டும் அலையாக்குவதுமே. 1982இல் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்கில் ஒரு விநாடிக்கு 44,100 அளவுகள் பதிவாகின்றன. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. 16 பிட் என்பது இதுவே. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே இதனால் ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கிறது. இன்று மலிவாகக் கிடைக்கும் 24 பிட் கருவிகள் பலவும் இவ்வளவைக் கடந்துவிட்டன.

இனிச் செவியின் சாட்சியத்தைக் கேட்போம். பிராட் மேயர், டேவிட் மோரான் என்னும் அமெரிக்கர் இருவர் 2007இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். உயர்தர ஒலித்தட்டின் இசையை நேராகவும், 16 பிட் கன்வெர்ட்டர் வழியே செலுத்தியும், எது எதுவெனக் கூறாமல் கேட்கச் செய்தனர். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. காசைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பார்த்திருந்தாலும் இவ்வளவு தேறியிருக்கும்!

எனில், என் பதிவுகளில் குறையில்லையா? உண்டு. ஆனால் அக்குறை கன்வெர்ட்டரை அடையுமுன்பே பிறந்துவிடுகிறது. தகரக் கூரையில் மழை, தலைக்கு மேல் காற்றாடி, வாசலில் மோட்டார் சைக்கிள், வெறுஞ்சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி. இவ்விரைச்சலுக்கு மேல் ஒரு கிழவியின் குரல் எழுவது 40, 50 டெசிபெல்லே. 50 படி நெல்லை 96 படி கொள்ளும் அண்டாவில் வைத்திருப்பவனுக்கு 120 படி அண்டாவால் ஆவதென்ன?

சென்ற ஆண்டு ஒரு மூதாட்டியின் பாட்டை முதலில் கூடத்தில் பதிந்தேன். பின்னர், மெத்தையும் துணிமணியும் நிறைந்த படுக்கையறையில், காற்றாடியை நிறுத்தி, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிந்தேன். கருவி அதுவே. முதற்பதிவில் மயங்கிய சொற்கள் இரண்டாவதில் தெளிவாக விளங்கின. செலவோ ஒரு காசுமில்லை.

பழங்கருவி தானே இரையுமாயின், புதிய கணினியோடு இசையாதாயின், நால்வர் பாடுமிடத்தில் இரண்டு மைக்குகளுக்கே இடந்தருமாயின், அதனை மாற்றுவது நியாயமே. இக்காரணம் எதுவுமின்றி மாற்றுவது ஆசையேயன்றித் தேவையன்று.

பத்தாங் பெர்ஜுந்தை என முன்பு வழங்கிய பெஸ்தாரி ஜெயாவின் பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில், 1917இல் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டத்தை ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அமைத்தார். காலப்போக்கில் எங்கும் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது, லயங்கள் வெறிச்சோடின. பால் மரம் வெட்டிய கைகளோடு அந்நாளைய பாட்டுகளும் ஒவ்வொன்றாய் ஓய்ந்து வருகின்றன. கன்வெர்ட்டர் அடுத்த ஆண்டும் கடையில் இருக்கும். எண்பது வயதுக் குரல் இருக்குமென யார் உறுதி கூற வல்லார்?

ஆகவே என் பழைய கன்வெர்ட்டர் இருந்தபடியே இருக்கட்டும். சேர்த்த பணம் பெட்ரோலுக்கும், ஒரு நல்ல மைக்குக்கும், ஒவ்வொரு பதிவையும் இரண்டு பிரதியாகக் காக்கும் வட்டுகளுக்கும் செல்லட்டும். ஒரு பிரதி பாடியவரின் குடும்பத்துக்கே உரியது. அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பாராயின், கைத்தொலைபேசியேனும் போதும். இவ்வாரமே காற்றாடியை நிறுத்திவிட்டு அவரருகே அமருங்கள்.