முதலில் பதிவேடு, பிறகு பல்கலைக்கழகம்

திங்கள், கலசப்பாக்கம்

கவுன்சலிங் சைக்காலஜியில் எம்.எஸ்சி. முடித்தாயிற்று. பள்ளிப் பிள்ளைகளோடு பேசும் வேலையும் கிடைத்துவிட்டது. அடுத்தது டாக்டரேட். பிஎச்.டி. என்றால் ஆய்வு. எனக்கு வேண்டியது மேற்பார்வையில் ஆட்களோடு உட்கார்ந்து கற்கும் தொழில்முறை முனைவர் பட்டம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 1968-ல் தொடங்கிய சை.டி. அந்த வகைதான்.

செவ்வாய்

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங் சைக்காலஜி முனைவர் பாடத்திட்டத்தைப் படித்தேன். பிரிட்டனில் இந்தப் படிப்புக்கு 450 மணி நேரமாவது நேரடிப் பயிற்சி வேண்டும். மாணவரும் இன்னொரு ஆலோசகரிடம் போய்த் தன் மனதைத் திறந்தாக வேண்டும். 2009 முதல் அங்கே சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் கவுன்சிலின் (எச்.சி.பி.சி.) பதிவு இல்லாமல் ‘கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்வது குற்றம்.

தறியை விட்டு எழுந்து வந்த அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: “அங்க படிச்சிட்டு வந்தா இங்க போர்டு மாட்டலாமாம்மா?”

வியாழன்

அதற்குப் பதில் தேடியதில் இரண்டு நாள் போனது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு கட்டாயம். அந்தக் கவுன்சில் ஏற்ற படிப்புகளில் சை.டி.யும் உண்டு, ஆனால் அது கிளினிக்கலுக்கு. மற்ற உளவியலாளர்களை 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எம்.ஃபில். வழியும் அடைபடுகிறது: யு.ஜி.சி. அதை நிறுத்திவிட்டு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்யாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 வரை தவணை கொடுத்தது.

வெள்ளி

ஒரு ஏஜென்ட் போன் செய்தார். வீட்டிலிருந்தே ஆன்லைனில் டாக்டரேட், பணத்தைத் தவணையில் கட்டலாமாம். உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாதென்று 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே யு.ஜி.சி. தடை போட்டிருக்கிறதே என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

ஞாயிறு

முடிவு எடுத்துவிட்டேன். கிளினிக்கல் பக்கமே போகிறேன்: ஆர்.சி.ஐ. ஏற்ற சை.டி., அதுவும் தமிழ் பேசும் நோயாளிகள் வரும் மருத்துவமனையில் பயிற்சி தரும் இடம். நான் நாளைக்கு உட்காரப் போவது போளூரிலோ ஆரணியிலோதான். முன்கூலிக் கடனில் தூக்கம் கெட்ட நெசவாளியின் பேச்சைக் கேட்கும் பழக்கம் அங்கேதான் வரும். வெளிநாட்டிலேயே தொழில் செய்யப் போகிறவருக்கு மான்செஸ்டர் நல்ல வழி; எனக்கு அல்ல.

இதே யோசனையில் இருப்பவர்களுக்கு: தரவரிசையை அப்புறம் பாருங்கள். எந்த ஊரில் தொழில் செய்வோம், அங்கே எந்தக் கவுன்சில் பதிவு தரும், நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.