படம் மாட்ட இடமில்லாத வீடு

வீட்டை வாங்கிய அன்று வீடியோ காலில் அம்மாவுக்குச் சுற்றிக் காட்டினேன். வெளியே நின்று காட்டும்போது ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், உள்ளே போனதும் கேட்டாள்: "கூரை தெரியுது. வீடு எங்கடா?"

நியாயமான கேள்விதான். ஏ-ஃப்ரேம் வீட்டில் கூரைதான் சுவர். ஆங்கில எழுத்து 'ஏ' மாதிரி இரண்டு பக்கமும் தரையிலிருந்தே கிளம்பும் மரச்சட்டங்கள் உச்சியில் போய் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். நடுவில் குறுக்கே ஓடும் கோடு பரண். முன்னாலும் பின்னாலும் இரண்டு முக்கோணங்கள். முன்பக்க முக்கோணம் முழுக்கக் கண்ணாடி. அவ்வளவுதான்.

எங்களுடையது வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் கணவாய்க்குப் போகும் 2ஆம் எண் நெடுஞ்சாலையில், ஸ்கைகோமிஷ் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1967இல் யாரோ வாரக்கடைசியில் வந்து தங்குவதற்காகக் கட்டியது. நாங்கள் வாங்கியது 2021இல். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். வெளியே சொல்லும் காரணம் அது. அதற்கு முந்தைய வருஷம், விமானங்கள் எல்லாம் நின்றுபோயிருந்த மாதத்தில், லால்குடியில் அப்பா இறந்திருந்தார். நான் போனில்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த அபார்ட்மென்டில், அந்த போனைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே ஹாலில், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

இந்த வகை வீடுகளுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. ருடால்ஃப் ஷிண்ட்லர் என்ற கட்டடக் கலைஞர் கலிஃபோர்னியாவின் ஏரோஹெட் ஏரிப் பக்கம் 1934இல் இந்த வடிவத்தில் ஒரு வீட்டை வடிவமைத்தார். அந்தக் குடியிருப்பில் நார்மன் பாணி வீடுதான் கட்டலாம் என்று விதி. செங்குத்தான கூரையைக் காட்டி இதுவும் நார்மன்தான் என்று அவர் அனுமதி வாங்கினார். வடிவம் பரவியது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. மத்தியதர அமெரிக்கக் குடும்பங்களின் கையில் கொஞ்சம் பணமும் ஒரு காரும் விடுமுறையும் வந்த காலம். பத்திரிகைகளில் வரைபடம் வந்தது. ப்ளைவுட் விற்பவர்களே வரைபடம் கொடுத்தார்கள். வெட்டித் தயாராக வைத்த மரங்களை லாரியில் கொண்டுவந்து இறக்கும் 'கிட்' வீடுகள் வந்தன. சுவர் எழுப்பும் வேலை மிச்சம். பனி தானாக வழுக்கி விழுந்துவிடும். நாலு பேர் சேர்ந்தால் சட்டத்தை நிறுத்திவிடலாம். எழுபதுகளின் கடைசியில் மவுசு போய்விட்டது. இப்போது இன்ஸ்டாகிராம் வந்து தூசி தட்டி எடுத்திருக்கிறது. பனிக்கு நடுவே மஞ்சள் வெளிச்சம் வழியும் ஒரு முக்கோணம். நானும் அந்தப் படத்தைப் பார்த்து மயங்கியவன்தான்.

மயங்கும்போது ஒரு விஷயம் தோன்றவில்லை. இரண்டு இரவு தங்குவதற்காக யோசிக்கப்பட்ட வடிவம் இது. இரண்டு இரவுக்குக் குனிந்து நடக்கலாம், ஏணியில் ஏறிப் படுக்கலாம், நூடுல்ஸ் கொதிக்க வைத்துக்கொள்ளலாம். முந்நூற்று அறுபத்தைந்து நாள் குனிய முடியாது.

2022 இலையுதிர் காலத்தில் அம்மா வந்தாள். ஆறு மாதம் இருப்பதாகத்தான் திட்டம். வந்த மூன்றாம் நாள் தலையில் முதல் இடி. ஆறடி உயரத்தில் தலை தட்டாமல் நிற்க வேண்டுமானால் விளிம்பிலிருந்து மூன்றரை அடி உள்ளே வந்தாக வேண்டும். அறுபது டிகிரிச் சாய்வில் அதுதான் கணக்கு. 24 அடி அகல வீட்டில் நிமிர்ந்து நடக்க 17 அடி. பரணின் தரை 14 அடி அகலம். அங்கே நிமிர்ந்து நடக்க ஏழடிதான். அம்மா உயரம் ஐந்தடிக்கும் குறைவு. ஆனாலும் அவளுக்கு மூலை பெருக்கினால்தான் வீடு பெருக்கின மாதிரி. இந்த வீட்டின் மூலை என்பது தவழ்ந்து போகிற இடம்.

படுக்கை பரணில். ஏறுவதற்குக் கப்பலில் இருக்கும் ஏணி மாதிரி ஒன்று. அம்மாவின் முழங்கால் அதைப் பார்த்ததுமே மறுத்துவிட்டது. ஹாலில் சோபாவை விரித்துப் படுத்தாள். கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி படுக்க வேண்டும். "ராத்திரி பூரா யாரோ பாத்துட்டிருக்கற மாதிரியே இருக்குடா" என்றாள். வெளியே மான்கள்தான் வரும். அதைச் சொன்னேன். சமாதானம் ஆகவில்லை.

தாளிப்பு அடுத்த பிரச்சினை. அடுப்பு சாய்வுப் பக்கத்தில் இருந்தது. மேலே புகைபோக்கி வைக்க இடமில்லை. வெந்த காற்று மேலேதான் போகும், முக்கோணம் அதற்குப் புனல். கடுகும் மிளகாயும் வெடித்த ஒரு நிமிஷத்தில் நெடி முழுக்கப் பரணுக்குப் போய்ச் சேரும். நான் அங்கே உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங்கில் இருமிக்கொண்டிருப்பேன். சூடும் அப்படித்தான். விறகடுப்பு எரிந்தால் பரணில் பனியனோடு உட்கார வேண்டும், கீழே அம்மா இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பாள்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. சொல்ல முடியாதது அப்பாவின் படம். ஊரிலிருந்து புடவைகளுக்கு நடுவே சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தாள். ஃப்ரேம் போட்டது, சந்தன மாலையோடு. எங்கே மாட்டுவது? பின்பக்க முக்கோணத்தில் பாத்ரூம் கதவும் ஃபிரிட்ஜும். முன்பக்கம் கண்ணாடி. மிச்சம் இரண்டும் கூரை. ஆணி அடித்து மாட்டிப் பார்த்தேன். படம் சாய்வோடு ஒட்டாமல் தூக்குக்குண்டு மாதிரி நேராகத் தொங்கியது. கதவைத் திறந்தால் ஆடியது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கழற்றித் துணியில் சுற்றி மறுபடி பெட்டியில் வைத்துவிட்டாள். மூன்றாம் மாதம், பொங்கலுக்கு ஊரில் இருக்கணும் என்று கிளம்பினாள். நான் தடுக்கவில்லை.

அந்தக் கோடையில் வேலையை ஆரம்பித்தோம். காண்ட்ராக்டர் அறுபதைத் தாண்டிய மனிதர். இளமையில் இந்த மாதிரி வீடுகளைக் கட்டியவர். முதல் நாளே நான் வரைந்து வைத்திருந்த டார்மர் யோசனையைப் போட்டு உடைத்தார். டார்மர் என்றால் சாய்வுக் கூரையைக் கிழித்து, நிமிர்ந்த சன்னலோடு ஒரு சின்ன அறையை வெளியே இழுப்பது. தலை நிமிர இடம் கிடைக்கும். ஆனால் இந்த வீட்டில் ஒரு சட்டத்தை வெட்டினால் சுவரையும் கூரையையும் சேர்த்து வெட்டியதாகும். இரண்டு பக்கமும் சட்டங்களை இரட்டிப்பாக்கி, குறுக்கே விட்டம் கொடுத்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து வாங்க வேண்டும். அதைவிட, டார்மரும் கூரையும் சேரும் பள்ளத்தில் பனி தங்கும். வழுக்கிவிடுவதற்கென்றே செய்த கூரையில் நாமே பனிக்குக் கிண்ணம் கட்டிக் கொடுத்தது போல. டார்மர் கைவிடப்பட்டது.

பணத்தில் பாதிக்கு மேல் விழுங்கியது கூரை. கணக்கு எளிது: தரை 768 சதுர அடி, கூரை 1,536. சமபக்க முக்கோணத்தில் அது சரியாக இரண்டு மடங்கு. அந்தக் கூரையில் இருந்ததோ காடி வெட்டிக் கோத்த இரண்டு அங்குலப் பலகை, மேலே ஷிங்கிள். குளிருக்கு வேறு தடுப்பு கிடையாது. உள்பக்கமாக இன்சுலேஷன் அடைத்துப் பலகை மூடினால் செலவு குறைவு. ஆனால் ஐம்பது வருஷத்தில் தேன் நிறமாகப் பழுத்திருந்த மரம் மொத்தமும் மறைந்துவிடும், வீடு இன்னும் குறுகும். வெளிப்பக்கம் செய்தால் ஷிங்கிளை உரித்து, ஃபோம் பலகைகளை அடுக்கி, நீள நீளத் திருகாணிகளால் இறுக்கி, மேலே உலோகத் தகடு போட வேண்டும். மரத்தைப் போல நாலைந்து மடங்கு குளிரைத் தடுக்கும் பொருள் அது. மரமும் தப்பிக்கும். பட்ஜெட் தப்பிக்காது. அழகுக்கும் உபயோகத்துக்கும் இடையே பேரம் என்பார்களே, எங்களுக்கு இரண்டும் கிடைத்தது ஒரே இடத்தில், இரண்டு மடங்கு விலையில்.

அடுத்தது படி. விதிப்படி ஒரு படியின் உயரம் ஏழே முக்கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது, மிதியகலம் பத்து அங்குலமாவது வேண்டும், தலைக்கு மேல் ஆறடி எட்டு அங்குலம் வேண்டும். பரணுக்கு 14 எட்டு. அதாவது 11 அடி நீளம் படிக்கே போய்விடும். ஓரமாக ஒதுக்கலாம் என்றால் மேலே ஏறும்போது தலை கூரையில் முட்டும். வீட்டின் நட்டநடுவேதான் போக வேண்டும். இவ்வளவு செய்தும் அம்மாவால் ஏற முடியாது. அதனால் அவள் அறை கீழே. செப்டிக் டாங்க் அனுமதி படுக்கையறைக் கணக்கில்தான் தருகிறார்கள், எங்களுக்கு ஒன்றுதான். ஆகவே கீழே தடுத்தது படுக்கையறை. பரண் என் ஆபீஸ். நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் சோபாவை விரித்துப் படுப்பது என்று முடிவானது.

அன்றைக்கு மனைவி கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை, பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அம்மா திரும்ப வர்றேன்னு சொன்னாங்களா?"

"இன்னும் கேக்கல."

"அப்ப இதெல்லாம் யாருக்கு?"

நான் அளவு டேப்பை இழுத்து எதையோ அளந்தேன்.

அடுப்பைப் பின்பக்கச் சுவருக்கு மாற்றினோம். வெளியே நேராகக் குழாய் போகும். நிமிஷத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் ஃபேன் வைத்தால் ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விறகடுப்பின் புகையை வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடும். அதற்குக் கீழேயே நிறுத்திக்கொண்டோம். ரசத் தாளிப்புக்கு அது போதும். பாத்ரூம் வாசலில் தடுக்கும் கட்டையை எடுத்தோம். பிடித்துக்கொள்ளும் கம்பிகளுக்காகச் சுவருக்குள் முன்கூட்டியே கட்டை வைத்து மூடினோம். சாய்வுகளின் அடிவாரத்தில் நாலடி உயரத்துக்கு நேர்ச்சுவர் எழுப்பினோம். அதற்குப் பின்னால் அடியில் இரண்டேகால் அடி ஆழம். எப்படியும் தவழ்கிற இடம்தான். அங்கே இழுப்பறைகள். அரிசி மூட்டை, கம்பளி, பனி மண்வெட்டி எல்லாம் உள்ளே போயின. வீட்டில் முதல்முறையாக மூலை என்று பெருக்க ஒரு இடம் வந்தது.

அம்மா 2024 மே மாதம் வந்தாள். படியைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள், கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். பெட்டியிலிருந்து படத்தை எடுத்தாள். நாலடிச் சுவரில் எவ்வளவு உயரத்தில் மாட்ட முடியும்? நின்று பார்த்தால் இடுப்புக்குச் சற்று மேலே. எனக்கு உறுத்தலாக இருந்தது. அம்மா ஒரு பலகையை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். இப்போது அப்பாவின் முகம் அவள் முகத்துக்கு நேரே. "போதும், இப்படியே இருக்கட்டும்."

ஐந்து மாதம் இருந்தாள். அக்டோபரில் முதல் குளிர் இறங்கியதும் ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னாள். வருத்தமா என்று கேட்டேன். "உன் வீடு நல்ல வீடுதான். ஆனா அங்க உங்கப்பா கட்டினது ஒண்ணு இருக்கே."

லால்குடி வீடு தரைத்தளம் மட்டும். மின்வாரியத்தில் கிளார்க்காக இருந்த அப்பா லோன் போட்டு 1998இல் கட்டியது. பணம் அதோடு நின்றது. மொட்டைமாடியில் நாலு மூலையிலும் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார். மாடி நான் கட்டுவேன் என்று. சின்ன வயதில் அதில் துணிக்கொடி கட்டுவோம். ஊர்ப்பக்கம் எந்த மொட்டைமாடியைப் பார்த்தாலும் இப்படிக் கம்பிகள் நிற்கும். ஏ-ஃப்ரேமில் கம்பி விட இடமே கிடையாது. உச்சியில் இரண்டு சட்டங்களும் சேர்ந்த இடத்தோடு வீடு முடிந்தது.

போன மழையில் அம்மா போன் செய்தாள். "கம்பி துருப்புடிச்சு அதுவழியா தண்ணி இறங்குதாம். ஹால் தூணுல விரிசல் விட்டிருக்கு. கொத்தனார் கேக்கறாரு, மேல எழுப்பப் போறீங்களா, இல்ல அறுத்துடலாமான்னு. என்ன சொல்லட்டும்?"

பரணில் உட்கார்ந்திருந்தேன். கூரையில் மழை, ஃபோமுக்கும் தகட்டுக்கும் மேலே, சத்தமே கேட்காமல். இந்தக் கூரைக்குக் கொடுத்ததில் அங்கே ஒரு மாடி கட்டியிருக்கலாம். ஆனால் கட்டினாலும் அதில் யார் இருப்பார்கள்?

"அறுக்க வேணாம்மா. துருவைச் சுரண்டிட்டு, சிமென்ட் பால் அடிச்சு, மேல கலவை போட்டு மூடி வைக்கச் சொல்லு. விரிசலையும் பாக்கச் சொல்லு."

"மூடி வச்சு?"

"இருக்கட்டும்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கொத்தனாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டாள்.