முதல் ஓட்டம்

தன் கையால் ஆக்கிய பொருளின்மேல் மனிதனுக்கு உண்டாகும் பற்று தனி வகையானது. கடையில் வாங்கிய நாற்காலியின் கால் ஆடினால் சினம் வருகிறது. தானே செய்த நாற்காலியின் கால் ஆடினால் இரக்கம் வருகிறது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பற்று ஒரு காரின்மேல் விழுந்தது. நான்கு ஆண்டுகளாக உருவாகி, ஓடிய முதல் நாளிலேயே, ஓடத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் நொறுங்கிப்போன கார் அது. அதைச் செய்தவன் எங்கள் தம்பி. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள்.

விழுப்புரம் இரயில் சந்திப்பால் வளர்ந்த ஊர். மீட்டர் கேஜ் காலத்தில் இங்கே நீராவி என்ஜின்களுக்கென்று ஒரு லோகோ ஷெட் இருந்தது. எங்கள் தந்தையார் அதில் பிட்டராகப் பணி செய்தவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒன்றை மட்டும் ஓயாமல் சொல்லுவார்: பழுது பார்த்த என்ஜினைத் தனியே ஓட்டிப் பார்க்காமல் பெட்டிகளில் பூட்டக்கூடாது, அதைக் கையால் தொட்டவன் முதலில் ஏற வேண்டும், மற்றவர் பிறகு. அவர் இறந்து ஆண்டுகள் பல ஆயின. அவருடைய ஸ்பேனர்களும் சுத்தியல்களும் தம்பியின் பட்டறைச் சுவரில் இன்றும் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றோடு அந்தச் சொல்லும் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நாங்கள் பிற்பாடுதான் அறிந்தோம்.

தம்பிக்கு லேத்தும் வெல்டிங்கும் தொழில். உழவர்களின் டிராக்டர் உதிரிகள், அரிசி ஆலைச் சாமான்கள், பள்ளிக்கூடக் கேட்டுகள் என்று வருகிற வேலை. ரான் சாம்பியன் என்னும் ஆங்கிலேயர் 1996இல் எழுதிய ஒரு நூலை யாரோ அவனுக்குக் காட்டினார்கள். 250 பவுன் செலவில் வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் செய்துகொள்ளலாம் என்பது அந்நூலின் துணிபு. அன்று பிடித்தது அவனுக்கு. காயலான் கடையில் நசுங்கிக் கிடந்த ஒரு சிறு காரின் என்ஜினையும் கியர் பெட்டியையும் வாங்கினான். சதுரப் பைப்புகளை அறுத்து ஒட்டிச் சேஸி ஆக்கினான். முன்சக்கரங்களை இழுக்கும்படி அமைந்திருந்த அந்த என்ஜின் தொகுதியை அப்படியே பெயர்த்து, இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தான். முன்பக்கத்துச் சக்கர அமைப்பு ஒரு பழைய வேனிலிருந்து வந்தது. தகட்டு வேலையும் பட்டி பார்த்தலும் பெயிண்டும் அவனே. உடன் நின்றவன் அவனுடைய மகன். தொடங்கியபோது அவனுக்கு எட்டு வயது, முடிந்தபோது பன்னிரண்டு. இரவு எட்டு மணிக்குமேல் பட்டறையில் ஒற்றை விளக்கு எரிந்தால் தந்தையும் மகனும் உள்ளே இருக்கிறார்கள் என்று தெருவே அறியும். "கார் எப்போது பறக்கும்?" என்று கேட்டுச் சிரிக்காதவர் குறைவு.

சிரித்தவர்கள் அறியாதது, இந்தக் கிறுக்கு நம் நாட்டுக்குப் புதிதன்று என்பது. சென்னை சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இலேயே நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். கோவையில் ஜி.டி. நாயுடு 1952இல் இரண்டாயிரம் ரூபாய் விலைக்கென்று இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை ஆக்கினார். அரசின் உரிமம் கிடைக்காமல் அது நின்றுபோயிற்று. அதே கோவையில் கரிவர்தன், சிறு காரின் என்ஜினைக் கொண்டு எளியவர்க்கும் எட்டும் பந்தயக் கார்களைச் செய்து, பல இளைஞர்களைச் சோழவரத்துக்கு அனுப்பினார். அவர் 1995இல் விமான விபத்தில் மாண்டார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்கிலாந்தில் இது குடிசைத் தொழில் போலவே நடந்தது. 1957இல் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்னும் காரை உதிரிகளாக விற்றது. முழுக் காராக வாங்கினால் வரி உண்டு. உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. பூட்டும் முறையை எழுதித் தரக்கூடாதென்று விதி இருந்ததாம். ஆகவே கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ளச் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. வணிகர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான்.

நம் சட்டம் அப்படி நெளிந்து கொடுப்பதன்று. பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. புதிய வடிவ வண்டி என்றால் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தின் ஒப்புதல் வேண்டும். அது பெரிய நிறுவனங்களுக்கு எட்டும், பட்டறைக்காரனுக்கு எட்டாது. வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த வடிவத்தை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஒற்றைக் காருக்குத் தனியே ஆய்வு நடத்தி அனுமதி தரும் முறை இங்கிலாந்தில் உண்டு, இங்கே இல்லை. இது குறையா என்று தம்பியைக் கேட்டால் குறை என்பான். அவன் மனைவியைக் கேட்டால் சட்டம் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவாள். எங்களுக்கு இரண்டும் சரியாகவே படுகிறது.

ஆகவே அந்தக் கார் நெடுஞ்சாலையைத் தன் சக்கரத்தால் தொட்டதே இல்லை. அதை ஒரு சிறு லாரியில் ஏற்றித்தான் திண்டிவனம் பக்கம் கொண்டுசென்றோம். விழுப்புரத்திலிருந்து வடக்கே போகிறவர்கள் கண்டிருக்கக்கூடும்: விக்கிரவாண்டி தாண்டி மயிலம் குன்று தெரியும் வரையிலும் சாலையின் இருமருங்கிலும், நேற்றுவரை மணிலாவும் கம்பும் விளைந்த நிலங்களில் மனைப்பிரிவுகள் முளைத்திருக்கின்றன. வண்ணக் கொடிகள், எண் எழுதிய கற்கள், அலங்கார வளைவு, நல்ல தார்ச்சாலை எல்லாம் உண்டு. வீடு மட்டும் இல்லை. அப்படி ஒன்றின் சொந்தக்காரர் தம்பிக்குப் பழக்கம். ஒரு ஞாயிறு காலைக்கு மட்டும் சாலையை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்.

அம்மாவுக்கு வண்டியை மந்திரிக்காமல் எடுப்பதில் உடன்பாடில்லை. முதல் நாளே பங்குத்தந்தையைப் பட்டறைக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அவரோ காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது இன்னும் வண்டி ஆகவில்லையே! ஓடட்டும், பிறகு மந்திரிக்கலாம். மந்திரித்த வண்டிக்கும் பிரேக் வேண்டும் அம்மா," என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு பின்னால் அவரையே உறுத்தியதாகச் சொன்னார்.

ஞாயிறு காலை, முதல் பூசைக்குப் பின் எல்லோரும் புறப்பட்டோம். காரை லாரியிலிருந்து பலகை வைத்து இறக்கியபோது பையன் தானாகவே இடப்பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். அது அவனுக்கென்றே தைத்த இருக்கை. சிவப்பு ரெக்சின்கூட அவன் தேர்ந்தெடுத்தது. தம்பி அவனை இறங்கச் சொன்னான்.

"நானுந்தானப்பா செஞ்சேன்?"

"செஞ்சே. ரெண்டாவது ரவுண்டுல வா."

பையன் இறங்கவில்லை. கண்கள் நிறைந்துவிட்டன. எங்களுக்கும் மனம் தாளவில்லை. ஒரு சுற்றுதானே, அதிலும் ஆளில்லாத சாலைதானே என்று எங்களில் சிலர் பரிந்து பேசினோம். தம்பி பதில் சொல்லாமல் மகனை இரு கைகளாலும் தூக்கி வெளியே நிறுத்தினான். "தாத்தா வீட்டு வழக்கம்டா. தொட்டவன் மொதல்ல," என்றான். பையன் காரைத் தொட்டவனில்லையா என்று அப்போது யாரும் வாதிக்கவில்லை. தலைக்கவசம் அணிந்து, இருக்கைப் பட்டையைப் பூட்டிக்கொண்டு தம்பி மட்டும் போனான்.

போகும்போது அந்தக் கார் அழகாகத்தான் இருந்தது. தாழ்ந்து, தரையை முகர்ந்துகொண்டு போவது போல் போயிற்று. மெதுவாக ஒருமுறை கோடிவரை சென்று திரும்பி வந்தான். கையை உயர்த்திக் காட்டினான். இரண்டாம் முறை சற்று வேகம் எடுத்தான். அறுபது கிலோமீட்டர் இருக்கலாம் என்று பிறகு சொன்னான். அறுபது என்பது கேட்பதற்குச் சிறிய எண். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய பதினேழு மீட்டரைக் கடந்துவிடும். வளைவுக்குச் சிறிது முன்னால் கற்களின் பின்னாலிருந்து ஆடுகள் சாலையில் ஏறின. தம்பி பிரேக்கை அழுத்தினான்.

கார் நிற்கவில்லை, திரும்பியது. பின்புறம் முன்புறத்தை முந்திக்கொண்டு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பம்பரத்தின் அரைச் சுற்று. அப்படியே இடப்பக்கமாகச் சறுக்கிப் போய் அலங்கார வளைவின் தூணில் மோதியது. சத்தம் பெரிதில்லை. தகரப் பெட்டியை மேலிருந்து போட்டாற்போல ஒரு சத்தம், பிறகு ஆடுகளின் கத்தல். ஆடு ஒன்றுக்கும் அடியில்லை.

காரணத்தைத் தம்பியே பிற்பாடு படுக்கையில் கிடந்தபடி எங்களுக்கு விளக்கினான். ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது அதன் எடை முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்கின்றன, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. அதனால்தான் கார் செய்கிறவர்கள் வலிய டிஸ்க் பிரேக்கை முன்னாலும் மெலிய டிரம் பிரேக்கைப் பின்னாலும் வைக்கிறார்கள். என்ஜின் தொகுதியைப் பெயர்த்துப் பின்னால் வைத்தபோது அதனோடு இருந்த டிஸ்க் பிரேக்கும் பின்னால் போயிற்று. முன்னாலோ பழைய வேனின் டிரம். வலிமை இடம் மாறிவிட்டது. பட்டறை முற்றத்தின் மெதுவான ஓட்டத்தில் அது தெரியவில்லை. அழுத்திப் பிடித்த கணத்தில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டன. சுழலுகிற சக்கரந்தான் வண்டியை நேரே நடத்தும். பூட்டிக்கொண்ட சக்கரத்துக்குத் திசை தெரியாது. "பெரிய கம்பெனிக்காரன் இதுக்குன்னு ஒரு வால்வு வெச்சு, பின்பிரேக்குக்குப் போற அழுத்தத்தைக் கொறைக்கிறான் அக்கா. நான் பெயிண்டுக்குச் செலவழிச்சேன்," என்றான்.

அவனுடைய இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. காறை எலும்பும் உடைந்திருந்தது. 108 வண்டி வந்து, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நல்லபடியாகவே பார்த்தார்கள். நாங்கள் சொல்ல வேண்டியது அதைப் பற்றியன்று. லாரியில் மறுபடி ஏற்றும்போது நாங்கள் பார்த்த அந்த இடப்பக்கத்து இருக்கையைப் பற்றி. இருக்கை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. தூண் உள்ளே வந்திருந்தது. இரண்டு பைப்புகளுக்கிடையில், ஒரு சாணகல இடைவெளியில், சிவப்பு ரெக்சின் மடிந்து கிடந்தது. பையன் அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அழவில்லை. பிறகு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

ஊரில் எல்லோரும் இதைப் புதுமை என்றார்கள். அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார்கள். காவல் சம்மனசு காத்தது என்று உறவினர் ஒருவர் சொன்னபோது நாங்கள் மறுக்கவில்லை. மறுக்க நாங்கள் யார்? ஆனால் அந்தச் சம்மனசு லோகோ ஷெட்டின் எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையில் வந்ததாகவே எங்களுக்குத் தோன்றுகிறது. வீட்டில் ஒருவர் ஓயாமல் சொல்லி, எல்லோருக்கும் சலித்துப்போன ஒரு வழக்கம், தேவைப்பட்ட அந்தக் காலையில் ஒரு மனிதனின் கைகளுக்கு நினைவு வந்தது. அழுகிற பிள்ளையைத் தூக்கி வெளியே நிறுத்துவது எளிய காரியமன்று.

இதே இடத்தில் வேறு முடிவு நேர்ந்ததும் உண்டு. அயர்லாந்தில் மேரி வார்டு என்று ஓர் அம்மையார் இருந்தார். நுண்ணோக்கி வழியே கண்டவற்றைத் தாமே வரைந்து நூல்கள் எழுதியவர், பிள்ளைகளின் தாய். பெரிய தொலைநோக்கி அமைத்துப் புகழ் பெற்ற ரோஸ் பிரபு அவருக்கு உறவு. அந்தப் பிரபுவின் குடும்பத்தில் வீட்டிலேயே ஒரு நீராவி வண்டி செய்திருந்தார்கள். 1869 ஆகஸ்டு 31 அன்று பார்சன்ஸ்டவுன் என்னும் ஊரில் அம்மையார் அதில் ஏறிச் சென்றார். ஒரு திருப்பத்தில் தூக்கி எறியப்பட்டு, அதே வண்டியின் சக்கரத்தின்கீழ் விழுந்து இறந்தார். அவருக்கு வயது 42. இயந்திர வண்டியால் இறந்த முதல் மனிதர்களுள் ஒருவராக அவரைக் குறிப்பிடுவார்கள். அந்த வண்டியில் அன்று இருந்த பிரபுவின் மகன்களுள் ஒருவன் சார்லஸ் பார்சன்ஸ், வயது பதினைந்து. அவன்தான் வளர்ந்து 1884இல் நீராவிச் சுழலியை உருவாக்கினான். இங்கே அருகிலுள்ள நெய்வேலியில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பதும் நீராவிச் சுழலியைக் கொண்டே. நாங்கள் இதை எழுதும் மேசையின்மேல் எரிகிற விளக்குக்கும் அந்தப் பையனுக்கும் உறவு உண்டு.

இந்தச் செய்தியை நாங்கள் தம்பி மனைவியிடம் சற்று உற்சாகத்தோடு சொன்னோம். அவள் அடுப்பை விட்டுத் திரும்பாமலே கேட்டாள்: "அந்தம்மாவோட பிள்ளைங்க என்ன நெனச்சாங்கன்னு அதுல போட்டிருக்கா அண்ணி?"

போட்டிருக்கவில்லை. நாங்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம்.

ஆறு மாதம் ஆகிறது. தம்பி கைத்தடியோடு நடக்கிறான். நெளிந்த சேஸி பட்டறையின் பின்புறம் தார்ப்பாயின்கீழ் கிடக்கிறது. காயலான் கடைக்காரர் இருமுறை வந்து விலை கேட்டுப் போனார். சென்ற வாரம் நாங்கள் போனபோது தார்ப்பாய் விலகியிருந்தது. பையன் நூல் கட்டி, சாக்குக் கட்டியால் குறியிட்டு, எந்தப் பைப் எவ்வளவு கோணியிருக்கிறது என்று அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான். பிரேக் குழாய்களை முழுக்கக் கழற்றித் தனியே வைத்திருந்தான். தம்பி ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், சொல்லிக்கொடுக்கவில்லை. முன்பக்கத்துக்கு டிஸ்க் எங்கே கிடைக்கும் என்று மட்டும் எங்களிடம் மெல்லிய குரலில் கேட்டான், திண்டிவனத்தில் எங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று. உள்ளேயிருந்து அவன் மனைவி பாத்திரத்தை ஓங்கி வைத்த சத்தம் கேட்டது. அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.