அட்வான்ஸைக் கேட்டு எந்த வாசலுக்குப் போவது?

புதுக்கோட்டையில் வாடகை வீடு கிடைப்பது டீக்கடையில்தான். பிருந்தாவனம் முக்கில் நின்று "வீடு பாக்கணும்ணே" என்று கடைக்காரரிடம் சொன்னதும் ஒரு போன் போனது. டீ ஆறுவதற்குள் டிவிஎஸ் 50-இல் புரோக்கர் வந்து இறங்கினார். கையில் சாவிக்கொத்து, சட்டைப்பையில் நான்காக மடித்த நோட்டு.

"ஒரு மாச வாடகை நம்ம கமிஷன். வீட்டைக் காட்டி, ஓனர்கிட்ட பேசி முடிச்சுட்டா நம்ம வேலை முடிஞ்சுது."

ரசீது தருவீர்களா என்றதற்குச் சிரித்தார். பின்னால் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் தராமல் இழுத்தடித்தால்? "அது உங்களுக்கும் ஓனருக்கும் உள்ளது. நான் என்ன செய்ய முடியும்?" முள்ளூரில் 2017-இல் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அந்தப் பக்கம் வாடகை ஏறிவிட்டது, கேட்ட அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வருவதுதான் புத்தி என்றும் சொல்லிவைத்தார்.

அட்வான்ஸுக்கு எங்கே முறையிடுகிறார்கள் என்று பார்க்க, திங்கள்கிழமை காலை ஆட்சியர் அலுவலகம் போனேன். மக்கள் குறைதீர்க்கும் நாள். தொண்டைமான் மன்னரின் புது அரண்மனைதான் இன்றைக்கு ஆட்சியர் அலுவலகம். ராஜாவே காலி செய்து கொடுத்த வீட்டின் முன்னால், காலி செய்த வீட்டின் அட்வான்ஸைக் கேட்டு மனுவோடு நிற்கிறார்கள் சனங்கள்.

வரிசையில் நின்ற ஓர் அக்கா பேச்சுக் கொடுத்தார். நான்கு வருடம் குடியிருந்த வீடு, அட்வான்ஸ் நாற்பதாயிரம். காலி செய்த அன்று வெள்ளையடிக்க இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு, கதவில் கீறலுக்கு இவ்வளவு என்று கழித்து, பன்னிரண்டாயிரத்தை மட்டும் அக்கா கையில் கொடுத்திருக்கிறார் வீட்டுக்காரர். போலீசில் சொன்னால் "இது சிவில் மேட்டரும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். "ஒப்பந்தம் எழுதினீங்களாக்கா?" "எல்லாம் வாய்ப்பேச்சுதான் தம்பி. வாடகையையும் கையிலதான் குடுப்பேன்."

அந்த வரிசையில் கொடுக்கும் மனு ஏதாவது ஒரு மேசைக்குப் போய்ச் சேரும். ஆனால் இதற்கென்றே வேறு மேசை இருக்கிறது. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்த 2017-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. புதிய சட்டப்படி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரி. மாவட்டங்களில் பெரும்பாலும் வருவாய்க் கோட்டாட்சியர்தான் (ஆர்.டி.ஓ.) அவர். அவருக்கு மேலே வாடகை நீதிமன்றம், அதற்கும் மேலே தீர்ப்பாயம். தண்ணீரையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்தினால், திரும்பக் கொடுக்கச் சொல்லி அதிகாரி இடைக்கால உத்தரவு போடலாம். வீட்டை விட்டு வெளியேற்றுவதென்றால் வாடகை நீதிமன்றத்தின் வழியாகத்தான் முடியும். பூட்டை மாற்றுவது, சாமானைத் தெருவில் வைப்பது எதற்கும் இடமில்லை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்து மிச்சத்தைத் தந்துவிட வேண்டும். ஒரு ஓட்டையும் உண்டு: வேறுவிதமாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் மூன்று மாத வரம்பு இல்லை.

அந்த அக்காவுக்கு இதெல்லாம் எட்டாத தூரத்தில் நிற்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கத் தடை. ஊரிலோ பதினோரு மாதத்துக்கு முத்திரைப் பத்திரத்தில் எழுதிப் பீரோவில் வைப்பதுதான் வழக்கம், அதுவும் எழுதுகிறவர்களிடம். ஒரு வருடத்துக்குக் குறைந்தால் பத்திரப் பதிவு வேண்டாம் என்பதால் வந்த பதினோரு மாதம் அது. வாடகை அதிகாரியிடம் பதிவதற்கு இந்தப் பதினோரு மாதக் கணக்கு செல்லாது.

நீதிமன்ற வளாகத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரைப் பிடித்தேன். நஷ்டஈடு என்ற பேச்சை எடுத்ததும் அவர் கையமர்த்தினார். "வீட்டுக்காரருக்குச் சட்டம் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கு. கெடு முடிஞ்சும் காலி பண்ணலைன்னா இரட்டிப்பு வாடகை. குடியிருக்கிறவர்தான் தனக்கு என்ன நஷ்டம்னு ஒவ்வொண்ணா நிரூபிக்கணும்." அவர் சொன்னது சரிதான். சட்டம் இரு தரப்பையும் ஒரே தராசில் வைத்ததாகச் சொல்கிறார்கள், நஷ்டஈட்டில் தட்டு வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்திருக்கிறது.

புரோக்கர் மீது புகார் என்றால் வாசல் வேறு. கமிஷன் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை ஒரு சேவை. ஆகவே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம், மன உளைச்சலுக்கும் சேர்த்தே நஷ்டஈடு கேட்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 2019-இன் சட்டத்துக்குப் பிறகு நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், திருச்சி புரோக்கரிடம் ஏமாந்த புதுக்கோட்டைக்காரர் திருச்சிக்கு அலைய வேண்டியதில்லை. ரசீது மட்டும் வேண்டும். ஜிபேயில் அனுப்பியிருந்தால் அதுவே பிடி. வெறும் வீட்டு வாடகைத் தகராறை மட்டும் இங்கே கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாப்பாடும் சேவையுமாகப் பணம் வாங்கும் விடுதியின் கதை வேறு.

இன்னொரு சிக்கலைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. 2017-இன் சட்டம் நகர்ப்புறத்துக்கானது: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி. 2024-இல் மாநகராட்சியான புதுக்கோட்டைக்குள் ஒரு தெருவில் கிடைக்கும் பாதுகாப்பு, எல்லை தாண்டிய கிராம ஊராட்சியில் கிடைக்காது. அங்கே இருப்பவர் அட்வான்ஸுக்குச் சாதாரண சிவில் வழக்குதான் போட வேண்டும். அரசு இந்த எல்லையை மாற்ற வேண்டும். நகரத்துக்கு வெளியே வாடகைக்கு இருப்பவரும் குடியிருப்பவர்தான்.

எழுத்தே இல்லாதவர்களுக்கு மிஞ்சியிருப்பது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால் இருதரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வரிசையில் நின்ற அக்காவிடம் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். பிடித்துக்கொண்ட இருபத்தெட்டாயிரமும் முழுசாக வராது, பாதியாவது வரலாம்.

புதிதாக வீடு பார்க்கிறவர்கள் அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுங்கள். குடிபோகும் அன்றே சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். ஒப்பந்தத்தை அரசின் வாடகை இணையதளத்தில் பதிந்து, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வர மறுத்தால் விவரங்களை நீங்கள் தனியாகவே தாக்கல் செய்யலாம்.