ஏழு கண் பாலம்

முதலில் ஒரு ஃப்ளஷ் டோர் வாங்கினேன். ஏழடி நீளம், மூன்றடி அகலம். "எந்த ரூமுக்கு சார், தாழ்ப்பாள் வேணாமா?" என்றார் கடைக்காரர். ரயில் விடப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சென்னையில் எங்கள் வாடகை வீட்டின் இரண்டாவது அறையில், இரண்டு பழைய மேஜைகளின் மேல் அதைப் படுக்கப் போட்டேன். கனம் குறைவு, சீக்கிரம் வளையாது, வீடு மாறினால் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். மாடல் ரயில் பைத்தியம் பிடித்த பலர் கதவில்தான் தொடங்குகிறார்கள்.

அந்த அறை இன்னொருவருக்கும் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு வேண்டியது செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் பாதை. 1904-இல் போட்டது. மலை ஏற முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ள ஒரு எஞ்சின். அப்பா அதில் கீமேன். சுத்தியல், ஸ்பானர், கொடியோடு தினமும் தன் பங்குத் தண்டவாளத்தை நடந்தே பார்ப்பார், தளர்ந்த கீயை அடித்து இறுக்குவார். 2010 செப்டம்பரில் அகலப் பாதைக்காக மூடினார்கள். மலைப் பகுதியில் மறுபடி ரயில் ஓட 2018 ஆயிற்று. புதுப் பாதையில் ஒருமுறை போனேன். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தேன், ஆனால் பழசு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

நம்மூர் மீட்டர் கேஜ் வண்டி கடையில் ரெடிமேடாகக் கிடைக்காது. ஆனால் ஒரு கணக்கு கைகொடுத்தது. 'என்' அளவு மாடல்களின் தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். ஒரு மீட்டரை 9 மில்லிமீட்டரால் வகுத்தால் 111. ஆக 1:110 என்று வைத்துக்கொண்டால், ஜப்பான்காரன் செய்த என் எஞ்சினின் மோட்டாரும் சக்கரமும் நமக்கு ஆகும், மேல்கூட்டை நாமே கட்டிக்கொள்ளலாம். ஒய்டிஎம்-4 டீசலின் உடம்பைப் பிளாஸ்டிக் அட்டையில் வெட்டி ஒட்டினேன். மூன்றாவது தடவைதான் மூஞ்சி சரியாக வந்தது.

அதே கணக்கு அடுத்த நிமிஷமே காலையும் வாரியது. சுமார் 50 கிலோமீட்டர் பாதையை 110-ஆல் வகுத்தால் 450 மீட்டர். என்னிடம் இருப்பது ஒரு கதவு. என்ன வைப்பது என்பதல்ல, எதையெல்லாம் விடுவது என்பதுதான் திட்டம். ஆரியங்காவு போயிற்று, எடப்பாளையம் போயிற்று. கழுதுருட்டியின் பதிமூணு கண் பாலத்தை மட்டும் விட மனசில்லை. போட்டோவில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அளவு மாறாமல் செய்தால் அதற்கே ஏறக்குறைய மூன்றடி வேண்டும். ஏழு கண்ணாகக் குறைத்தேன்.

பிறகு ஏற்றம். மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் ஏறினாலே குட்டி எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். ஒரு தண்டவாளம் இன்னொன்றின் மேல் கடக்க ஐந்து சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். அந்த உயரத்துக்கு ஏறவே ஒன்றரை மீட்டருக்கு மேல் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்கேலும் பென்சிலுமாகத் தரையில் கிடந்தேன்.

மலை தெர்மாகோலில், மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மண்ணுக்கு டீத்தூள் சக்கையைக் காயவைத்துச் சலித்தேன். ஸ்பாஞ்சை மிக்ஸியில் அரைத்துப் பச்சைச் சாயம் போட்டால் ரப்பர் தோட்டம். (அந்த மிக்ஸி ஜாரைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் பேசக்கூடாது.) ஜல்லிக்குச் சலித்த மணல். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மணல்மேல் உருண்டு நிற்கும். ஒரு இரவுக்கு ஒரு அடி முடிந்தால் பெரிது. அந்த இரவுகளில் போன் வந்தால் எடுக்க மாட்டேன்.

போன் செய்தது பெரும்பாலும் அப்பா.

அம்மா போன பிறகு செங்கோட்டை வீட்டில் அவர் தனியாக இருந்தார். நான் கதவு வாங்கியது அதற்கு அடுத்த வருஷம். "அங்க வந்தா ஒங்களுக்குக் கஷ்டம்லா, ஒரு ரூம்தானல இருக்கு" என்று அவராகவே சொல்வார். நானும் "ஆமாப்பா" என்பேன். ஒருதடவை அல்ல, ஒன்றரை வருஷம். அவருடைய பாதையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் கூட்டிவந்து காட்டுவேன் என்று எனக்கு நானே ஒரு சமாதானம். "ரூம் இருக்குன்னு மாமாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் மனைவி. அதற்குள் அவர் முற்றத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. போய்க் கூட்டிவந்தேன்.

கட்டுப் போட்ட கையோடு அறை வாசலில் நின்று பார்த்தார். எஞ்சினை ஓட்டிக் காட்டினேன். அவர் பாலத்தில் விரல் வைத்து எண்ணினார்.

"பதிமூணுல்லா?"

"எடம் இல்லப்பா."

சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, பகவதிபுரத்துக்கும் குகைக்கும் நடுவே இருந்த வளைவுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோனார்.

"நடக்கதுக்கு வழி எங்கல? கீமேன் எங்குன நடப்பான்?"

ஜல்லி முடியும் இடத்திலேயே என் மலை செங்குத்தாக எழும்பியிருந்தது. ஆள் நிற்க இடமில்லை.

அடுத்த ஞாயிறு ரம்பம் எடுத்தேன். கட்டில் போட வேண்டும். கதவில் நாலடிதான் மிஞ்சும், அதையும் ஹாலுக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தப் பக்கத்தை வைப்பது என்று தயங்கியபோது, "பாலத்த எடுத்துரு. அது நம்ம லெங்த் இல்ல" என்றார். அவர் பாலத்தில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லையாம். பிறந்ததிலிருந்து அவர் பிள்ளை நான், இது தெரியாது.

ரயில் இப்போது சுற்றுவதில்லை. போய், நின்று, திரும்பி வருகிறது.

1:110-இல் ஒரு ஆள் நடக்க ஒரு சென்டிமீட்டர் போதும் என்று கணக்குச் சொன்னேன். அப்பா இடது கையால் பேப்பர் கத்தியைப் பிடித்து, தெர்மாகோல் மலையின் அடியை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டே போனார்.

"வண்டி வந்தா ஒதுங்கணும்லா" என்றார்.