ஜிங்க் யாரைப் பிடித்தது?

மூன்று மாத ப்ராஜெக்ட். தலைப்பில் 'வினையூக்கி' என்று நானே ஆசையாகப் போட்டுக் கொடுத்திருந்தேன். கடைசியில் அந்த ஒரு வார்த்தைதான் கழுத்தைப் பிடித்தது.

விஷயம் இதுதான். 2-குளோரோபிரிடினில் இருக்கும் குளோரினைக் கிளப்பிவிட்டு, அந்த இடத்தில் பைப்பரிடினை உட்கார வைக்க வேண்டும். (மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை உடைத்தால் கிடைப்பதுதான் பைப்பரிடின். ரசம் மாதிரி மணக்கும் என்று நம்பி முகர்ந்துவிடாதீர்கள்!) நுரையீரல் புற்றுநோய் மருந்தான ஜெஃபிடினிப்பிலும் இப்படித்தான், குளோரின் இருந்த இடத்தில் ஓர் அமீனை ஒட்டுகிறார்கள்.

அமீன் வந்து தாக்க வேண்டுமானால் வளையத்தில் எலக்ட்ரான் குறைய வேண்டும். பிரிடினின் நைட்ரஜன் ஏற்கெனவே கொஞ்சம் இழுக்கிறது. அதை ஒரு லூயிஸ் அமிலம் பிடித்துக்கொண்டால் இன்னும் பலமாக இழுக்கும். சரி என்று 10 மோல் சதவீதம் ஜிங்க் குளோரைடு போட்டேன். காகிதத்தில் அம்புக்குறிகள் அவ்வளவு அழகாக வந்தன.

குடுவையில் வெள்ளையாக ஏதோ திரண்டது. ராத்திரி முழுக்க சூடாக்கினேன். காலையில் டி.எல்.சி. தகட்டில் பார்த்தால் ஜிங்க் போட்டதும் போடாததும் இரட்டைப் பிள்ளைகள்.

மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஜிங்க் இப்ப யாரைப் பிடிச்சிட்டு இருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. பைப்பரிடினின் இணை அமில பி.கே.ஏ. 11-ஐ ஒட்டி. 2-குளோரோபிரிடினுக்கோ 1-க்கும் கீழே. அது புரோட்டானுக்கான கணக்குதான், ஆனால் ஜிங்க்கும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் போகும். எதிரே அவ்வளவு அமீன் நிற்கும்போது அது பிரிடினை ஏன் திரும்பிப் பார்க்கப் போகிறது? அப்படியே பார்த்தாலும், உண்டாகும் அமினோபிரிடின் இன்னும் நல்ல காரம். பிடித்த ஜிங்க்கை விடாது.

இந்த யோசனை எனக்கு வந்ததே 2,4-டைகுளோரோ-5-டிரைஃபுளோரோமெத்தில்பிரிமிடினைப் பற்றிப் படித்துத்தான். அங்கே ஜிங்க் குளோரைடு சேர்த்தால் அமீன் பெரும்பாலும் 2-ஆம் இடத்துக்குப் போகும். திரும்ப எடுத்துப் படித்தேன். அங்கே ஜிங்க்கைக் கிள்ளிப் போடவில்லை, சம அளவுக்கு அள்ளிப் போட்டிருந்தார்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

"ஜிங்க் இல்லாத தகட்டைக் காட்டாம விட்டுடு மச்சி, யார் கேக்கப் போறா?" என்றான் நண்பன். ஒரு நாள் முழுக்க அதையே யோசித்தேன், பொய் சொல்வானேன்.

தலைப்பில் 'வினையூக்கி'யை அடித்துவிட்டு 'ஜிங்க் குளோரைடின் விளைவு' என்று மாற்றினேன். இரண்டு தகடுகளின் படமும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியாயிற்று. திங்கட்கிழமை வைவா.