இலையில் இல்லை காசு

கஞ்சா என்ற சொல்லை வீட்டுக்குள் சொன்னாலே வாயைப் பொத்தச் சொல்லும் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். தோட்டப்புறத்தில் அந்தச் சொல் கேட்டால் போலீஸ், தூக்கு, குடும்ப மானம் மூன்றும்தான் நினைவுக்கு வரும். இன்றும் நம் நாட்டுச் சட்டப்படி 200 கிராமோ அதற்கு மேலோ கஞ்சா ஒருவரிடம் சிக்கினால், அவர் அதைக் கடத்தினார் என்றே அனுமானிப்பார்கள். 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, தண்டனையைத் தீர்மானிக்கும் உரிமை நீதிபதிக்கு வந்திருக்கிறது. ஆனால் தூக்கு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

அந்தச் சொல்லைத்தான் 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் என் அக்கா மகன் ஒரு வியாபாரத் திட்டமாக என்னிடம் கொண்டு வந்தான். சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை செய்கிறவன். கல்யாணத்துக்கென்று சேர்த்த 40,000 வெள்ளி கையில் இருந்தது. உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் ஹட்யாயில் கடை போடப் பங்கு கேட்டிருந்தார். "மாமா, அங்க அது சட்டப்படி சரி. மருந்துச் செடி. ரெண்டு வருஷத்துல எங்கேயோ போயிடும்னு சொல்றாங்க," என்றான்.

அவன் வெறும் பேச்சைக் கேட்டு வரவில்லை. 2018 டிசம்பரில் தாய்லாந்து நாடாளுமன்றம் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. தென்கிழக்காசியாவில் அதுதான் முதல் நாடு. 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாச் செடியே போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்து பின்னாளில் பிரதமரான அனுதின் சார்ன்விராகுல், மக்களுக்கு 10 லட்சம் செடிகளை இலவசமாகத் தருவதாக அறிவித்தார். இந்தத் தொழிலின் மதிப்பு 2025க்குள் 120 கோடி அமெரிக்க டாலரை எட்டலாம் என்று தாய்லாந்து வர்த்தகச் சபைப் பல்கலைக்கழகம் கணித்தது. இதையெல்லாம் கேட்ட இளைஞன் ஆசைப்படாமல் இருப்பானா?

நான் மருத்துவனும் இல்லை, பொருளாதாரம் படித்தவனும் இல்லை. கெடாவில் ஒரு ரப்பர் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதனால் அவனிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "இன்னிக்கு விக்கிற சரக்கும் நாளைக்கு விக்கிறதும் ஒன்னுதான்னு யாருப்பா சோதிச்சுச் சொல்றது?"

அவனுக்குப் புரியவில்லை. ரப்பர் கதையைச் சொன்னேன்.

என் அப்பா பால் வெட்டிய காலத்தில் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துத்தான் தரம் சொல்வார்கள். வாங்குபவர் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் விலை. 1965இல் மலேசியா எஸ்எம்ஆர் என்ற தர முறையைக் கொண்டு வந்தது. ரப்பரைக் கரைத்து, மிக நுண்ணிய சல்லடையில் வடிகட்டி, தங்கும் அழுக்கை எடை போட்டார்கள். எஸ்எம்ஆர் 20 என்ற பெயரே, அழுக்கு 0.20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற கணக்கில் வந்தது. அதன் பிறகு எங்கோ ஒரு நாட்டில் டயர் செய்பவர், சரக்கைப் பார்க்காமலேயே எண்ணை மட்டும் நம்பி வாங்கினார். மரம் அதே மரம், பாலும் அதே பால். காகிதத்தில் எழுதிய ஓர் எண்தான் உலகச் சந்தையைத் திறந்துவிட்டது.

மருத்துவக் கஞ்சாவின் அமைப்பும் ஏறக்குறைய இப்படித்தான். செடி வளர்ப்பது முதல் படி. பிறகு உலர்த்துவது, சாறு எடுப்பது. அதற்கடுத்து சோதனைக்கூடம். போதை தரும் டிஎச்சி எவ்வளவு, போதை தராத சிபிடி எவ்வளவு, பூஞ்சை உண்டா, பூச்சிமருந்து உண்டா, ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் உண்டா என்று அங்கே பார்க்க வேண்டும். மண்ணில் உள்ள உலோகத்தை உறிஞ்சும் செடி அது. கடைசியில் மருத்துவர், மருந்தகம், யாருக்கு எவ்வளவு போனது என்ற பதிவேடு. இதில் ஒரு படி இல்லாவிட்டாலும் கையில் இருப்பது மருந்தாகாது, வெறும் சரக்குதான்.

தாய்லாந்துக்கு இது தெரியாமல் இல்லை. 2019இல் பயிரிடும் உரிமம் அரசு அமைப்புகளுக்கும் அவற்றோடு சேர்ந்து வேலை செய்தவர்களுக்கும்தான் கிடைத்தது. போலீஸ் பறிமுதல் செய்த கஞ்சாவை மருந்துக்குப் பயன்படுத்தலாமா என்று அங்குள்ள அரசு மருந்து நிறுவனம் சோதித்துப் பார்த்தது. பூச்சிமருந்தும் கன உலோகமும் இருந்ததால் அது ஆகவில்லை. பிறகு தானே வளர்த்து, எண்ணெய் எடுத்து, மருத்துவமனைகளுக்குக் கொடுத்தது. அது மெதுவான வழி.

2022இல் கதவு ஒரேயடியாகத் திறந்தது. கட்டுப்படுத்தும் முழுமையான சட்டம் வருவதற்கு முன்பே கடைகள் வந்துவிட்டன. வளர்த்தவர்கள் பெருகினார்கள். அமெரிக்காவிலிருந்து கள்ளத்தனமாக வந்த சரக்கும் சந்தையில் சேர்ந்தது. விலை சரிந்தது. கடன் வாங்கிக் கூடாரமும் விளக்கும் போட்ட சிறு விவசாயிகள்தான் முதலில் அடிபட்டார்கள். 2025 ஜூனில் அரசு மீண்டும் பூட்டுப் போட்டது. கஞ்சாப் பூ வாங்க மருந்துச் சீட்டு வேண்டும், நற்சாகுபடிச் சான்றிதழ் பெற்ற பண்ணையிலிருந்துதான் கடைகள் வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த நேரத்தில் நாடு முழுவதும் சுமார் 18,000 கடைகள் இருந்தன.

நெதர்லாந்து வேறு வழியில் போனது. அங்கே சுகாதார அமைச்சின் கீழ் தனி அலுவலகம் இருக்கிறது. உரிமம் பெற்றவர் வளர்ப்பதை அந்த அலுவலகமே வாங்கி மருந்தகங்களுக்கு அனுப்புகிறது. 2003 முதல் இப்படி நடக்கிறது. ஒவ்வொரு டப்பாவிலும் டிஎச்சி, சிபிடி அளவு நிலையாக இருக்கும். வியாபாரம் பிரமாண்டமானது இல்லை. ஆனால் நோயாளிக்கும் மருத்துவருக்கும் சந்தேகம் இல்லை.

பெரிய பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அதற்கும் உதாரணம் உண்டு. பிரிட்டனின் ஜிடபிள்யூ பார்மசூட்டிக்கல்ஸ் என்ற நிறுவனம், குழந்தைகளுக்கு வரும் கடுமையான இரண்டு வகை வலிப்பு நோய்களுக்குச் சிபிடியிலிருந்து எப்பிடியோலெக்ஸ் என்ற மருந்தைச் செய்தது. முறையான மருத்துவச் சோதனைகளை முடித்து, 2018 ஜூனில் அமெரிக்க அனுமதி வாங்கியது. 2021இல் அந்த நிறுவனம் சுமார் 720 கோடி டாலருக்கு விலை போனது. வாங்கியவர்கள் தோட்டத்துக்கா அந்த விலை கொடுத்தார்கள்? சோதனை முடிவுகளுக்கும் அனுமதிக் காகிதத்துக்கும் கொடுத்தார்கள்.

எங்கள் தாமானில் வலிப்பு நோயுள்ள எட்டு வயதுப் பிள்ளை இருக்கிறாள். எல்லையைத் தாண்டி வரும் எண்ணெய் பற்றி யாரோ சொன்னார்கள் என்று அவள் அம்மா என்னிடம் விசாரித்தார். "ஐயா, நீங்க லேப்ல இருந்தவரு. அந்த பாட்டில்ல இருக்கறது நெஜமா மருந்துதானா?" என்று கேட்டார். பாட்டிலைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, பிள்ளையின் மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள் என்றேன். சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்தையும் சொன்னேன். அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தொழிலே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அக்கா மகன் பணம் போடவில்லை. என் மீது கொஞ்ச நாள் கோபமாக இருந்தான். நண்பர் போட்டார். அந்த நாட்டில் வெளிநாட்டவர் கடையைத் தன் பெயரில் முழுதாக வைத்துக்கொள்வது கடினம் என்பதால், எல்லாம் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் இருந்தது. 14 மாதத்தில் கடை மூடியபோது திரும்பக் கேட்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

நம் நாட்டிலும் பேச்சு இல்லாமல் இல்லை. கஞ்சா சேர்ந்த ஒரு பொருள் முறைப்படி பதிவு செய்யப்பட்டால் மருத்துவப் பயன்பாட்டுக்குச் சட்டம் தடையில்லை என்று 2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். ஒருநாள் அந்தக் கதவு திறக்கலாம், திறக்காமலும் போகலாம். திறந்தால் முதல் வெள்ளி சோதனைக்கூடத்துக்குப் போகட்டும், கடைகள் பிறகு வரட்டும்.

நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். நம் தாத்தா பாட்டிகள் ரப்பர் தொழிலில் கத்தி பிடித்த முனையில் நின்றார்கள். விலை விழுந்தபோதெல்லாம் முதல் அடி அங்கேதான் விழுந்தது. புதிய செடி ஒன்று வந்தால் மறுபடியும் அதே முனைக்கு ஓட வேண்டாம். வேதியியல் படியுங்கள், மருந்தாளர் ஆகுங்கள், தரச் சோதனை கற்றுக்கொள்ளுங்கள். கஞ்சா வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் படிப்புக்கு இந்த நாட்டில் வேலை உண்டு.